ரங்கூன் மாமா இறந்துவிட்டதாக நான் எழுதிய மனு

அக்காவின் புருஷன் செத்துப்போய்விட்டார் என்று முதன்முதலில் எழுதியது நான்தான். அப்போது அவர் ரங்கூனில் கல்லுக்குண்டாக இருந்தார்.

பர்மாவில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட மறுவருஷம், மூன்று வயசுப் பெண்ணோடு அக்கா கப்பலில் வந்தாள். அவள் இங்கே செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவள் என்பதால் பர்மிட் கிடைத்துவிட்டது. மாமா அந்த ஊரிலேயே பிறந்த தமிழர். இந்தியாக்காரர் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அந்த ஊர்க்காரர் என்று சொல்லவும் ஆளில்லை. “நீ முதல்ல போ, அடுத்த கப்பல்ல வந்துடுறேன்” என்று ஏற்றிவிட்டிருக்கிறார். தங்கம் கொண்டுவர அனுமதி இல்லாததால் தாலியையும் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள்.

நான் அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர். முப்பது வயசு. கல்யாணம் ஆகும் என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லாத வயசு. நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். அதில் மூன்று பேர் படுத்தோம். என் ஒருத்தியின் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட்டோம் என்று சொன்னால் அது பொய்.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு உதவி உண்டென்று கேள்விப்பட்டு ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். குடும்பத் தலைவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் குடும்பத்துக்கு உதவி கிடைக்கும். விதவையென்றால் அவள் பேரிலேயே ஒரு தையல் மிஷினும் ரேஷன் கார்டும் உண்டு. புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அவர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

“அந்த மாதிரி கேஸுக்கு இதுல ஒண்ணும் போடலியேம்மா” என்றார்.

“அவரு வந்ததும் வாங்கிக்கலாம், வாடி” என்று அக்கா எழுந்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. படித்தவள் என்கிற திமிர் வேறு. வீட்டுக்கு வந்ததும், “காயிதத்துலதானே சாவுறாரு? வந்ததும் மாத்திக்கலாம்” என்றேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குழந்தை பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று சோறு கேட்டது. அன்று சாயங்காலம், என் முகத்தைப் பார்க்காமல், “எழுதுடி” என்றாள்.

எழுதினேன். பர்மாவிலிருந்து இறப்புச் சர்ட்டிபிகேட் வாங்கிவர முடியாதவர்களுக்கு விவரம் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றிருந்தது. அந்தக் கையெழுத்தையும் நானே போட்டேன். கீழே என் உத்தியோகத்தையும் அழகாக எழுதினேன்.

வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்பது இந்தப் படித்த மண்டைக்கு எட்டவே இல்லை. விசாரிக்க ஆள் வருகிறார் என்று தெரிந்த அன்று காலை அக்கா நெற்றியைக் கழுவினாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றினாள். கயிற்றைத் தலைவழியாக எடுத்து மல்லித்தூள் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். வந்தவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார். தெருவில் நாலு வார்த்தை கேட்டார். அவர் தலை மறைவதற்குள் தெருப்பெண்கள் வந்துவிட்டார்கள். “இன்னாம்மா இது, இம்மா நாளு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!” என்று அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அக்காவும் அழவேண்டியிருந்தது. பொய்க்கு அழ ஆரம்பித்தவள் நிஜமாகவே அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

மிஷின் வந்தது. ரேஷன் அரிசி வந்தது. பாவாடை, ரவிக்கை என்று தைத்து அக்கா நாலு காசு பார்த்தாள். ஆனால் கயிறு டப்பாவை விட்டு வெளியே வர வழியில்லை. தெருவே துக்கம் விசாரித்த பிறகு எந்த முகத்தோடு பொட்டு வைப்பது? மாமாவின் கடிதங்கள் தெருவுக்கு வராமலிருக்க, பள்ளிக்கூட விலாசத்தை அவருக்கு எழுதிப்போட்டேன். காரணம் சொல்லவில்லை. கடிதங்களைப் புடவைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பேன்.

அமாவாசைக்கு மட்டும் மேல்மலையனூருக்குப் போவோம். ஸ்பெஷல் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா ஒரு மரத்து மறைவில் நின்று கயிற்றைக் கட்டிக்கொள்வாள். கோயில் குங்குமத்தை நெற்றி நிறைய இட்டுக்கொள்வாள். அந்தக் கூட்டத்தில் யாருக்கு யாரைத் தெரியும்? இரண்டு மணி நேரம் அவள் முகம் வேறாக இருக்கும். திரும்பும்போது செஞ்சி வருவதற்குள் முந்தானையால் துடைத்துவிடுவாள். உயிரோடு இருக்கிறவனுக்குத் துக்கம் காக்கும் கொடுமையை நான் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. அதை அவளுக்குச் செய்தவள் நான்.

அடுத்த வருஷம் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. மாமா இந்தியாவுக்கு வர மனுப் போட்டிருந்தார். அவரிடம் இருந்த ஒரே ஆதாரம், செஞ்சியில் தனக்கு மனைவி இருக்கிறாள் என்பதுதான். அந்தப் பெண் இவர் மனைவிதானா என்று பத்து நாளைக்குள் ஆபீசில் வந்து தெரிவிக்கவேண்டும் என்றிருந்தது. அதே ஆபீஸ், அதே பைல்.

படித்ததும் அவசரமாக மடித்தேன். மாமா வரப்போகிறாரே என்ற சந்தோஷத்தில் இல்லை. பொய்ச் சாட்சி போட்ட டீச்சரை வேலையில் வைத்திருப்பார்களா என்ற பயத்தில்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். மறுநாளும் பூட்டினேன். பிள்ளைகளுக்கு உண்மை பேசுவதைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு வந்து பூட்டினேன். அப்படிப் பன்னிரண்டு நாள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தபோது, மிச்சத்துணியை ஒட்டுப்போட்டு அக்கா ஓர் ஆம்பளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். “அவரு வந்து எறங்குனா மாத்திக்க ஒண்ணு வேணுமில்ல?” என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. திரும்ப ஓடிப்போய் நோட்டீஸை எடுத்துவந்து, “இன்னிக்குத்தான் வந்துச்சுக்கா” என்று கொடுத்தேன்.

ஆபீஸ் மூடுவதற்குள் போய்விட்டோம். குமாஸ்தா நோட்டீஸைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“அனுப்பிப் பன்னெண்டு நாளாச்சேம்மா. யாரும் வரலன்னதும் பைல்ல இருக்குறதையே எழுதி முந்தாநாள் அனுப்பிட்டோம். புருஷன் எறந்துட்டாரு, இது வேற யாரோ ஆளுன்னு.”

“உசுரோட இருக்குறாரு சார். நாந்தான் பொய் சொன்னேன்” என்றாள் அக்கா. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“சாட்சி போட்டது யாரு?” அவர் பைலைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். அவகிட்டயும் செத்துட்டாருன்னுதான் சொன்னேன்.”

நான் வாய் திறக்கவில்லை.

மிஷினைத் திருப்பிக் கொடுத்தோம். அக்கா அன்றே கயிற்றைக் கட்டிக்கொண்டாள். தெரு வாய்க்கு வந்தபடி பேசியது. மறுபடி மனு எழுதினோம், அதற்குமேல் மனு எழுதினோம். முதலில் போன பதிலை எதனாலும் அழிக்க முடியவில்லை. மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தான் இறந்துவிட்டதாக யாரோ தப்பாக எழுதிவிட்டார்களாம், அதைக் கேட்டு நீ பயந்துவிடாதே என்று எழுதியிருந்தார். பிறகு இன்னும் இரண்டு கடிதங்கள். அதோடு நின்றுபோயிற்று. அவர் வரவே இல்லை.

“தபால் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா அவரு வந்திருப்பாருடி” என்று அக்கா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஆமாக்கா” என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.