பஞ்சநதம் பார்த்த முகம்

மயிலாடுதுறைக்கு மேற்கே ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர் பஞ்சநதம். மூன்று வருடங்களுக்கு முன், அறுத்த சம்பா நெல் ஈரமாக இருந்ததால் அவரும் மனைவி மங்களாம்பிகையும் அதைத் தார்ச்சாலை ஓரத்தில் கொட்டிக் காயவைத்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வேன் மங்களாம்பிகையை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாயங்காலம் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். என்ன எழுதினோம் என்பது மறுநாளே அவருக்கு நினைவில்லை.

மகள் எழில்மொழி சென்னையிலிருந்து ஓடிவந்தாள். "அம்மா கடைசியா என்ன பண்ணிட்டு இருந்தாங்கப்பா?"

"நெல்லைக் கிளறிட்டு இருந்தா."

துக்கம் விசாரிக்க வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். சொல்லச் சொல்ல அந்த மத்தியானம் அவருக்குத் தெளிவாகிக்கொண்டே வந்தது. சேலையின் நிறம் வந்தது. அவள் காலால் நெல்லைத் தள்ளிய விதம் வந்தது. கருமாதி அன்று மகளிடம், "வண்டி வர்றதுக்கு முன்னாடி என்னைத் திரும்பிப் பார்த்தாம்மா. ஏதோ சொல்ல வாயெடுத்தா" என்றார். எழில்மொழி அழுதாள். அதன்பின் அந்த ஒரு பார்வையைத்தான் இருவரும் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சந்தேகத்தின்பேரில் போலீசார் துரைராசு என்ற வேன் டிரைவரைக் கைது செய்தார்கள். யாரோ செல்போனில் படத்தைக் காட்டினார்கள். கட்டை மீசை, நெற்றியில் தழும்பு. அன்றிலிருந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அந்த முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வழக்கு இந்தச் சித்திரையில் விசாரணைக்கு வந்தது. எழில்மொழியும் கூட வந்திருந்தாள்.

"டிரைவரைப் பார்த்தீங்களாய்யா?" என்று கேட்டார் துரைராசுவின் வக்கீல்.

"பார்த்தேங்க. இவன்தான். நெத்தித் தழும்பு வரைக்கும் தெரிஞ்சுது."

"இந்தப் புகாருல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

வக்கீல் நிதானமாகப் படித்தார். 'நான் சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் மனைவி குப்புறக் கிடந்தார். போய்க்கொண்டிருந்த வெள்ளை வேனின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தேன்.'

பஞ்சநதம் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "நான் பொய் சொல்லலீங்க. எனக்கு அப்படித்தான் தெரியுது."

வேறு சாட்சி இல்லை. மறுமாதம் துரைராசு விடுதலையானான். கோர்ட்டுக்கு வெளியே வந்தவன் அவரிடம், "நான் அந்த ரோட்டுக்கே வரலீங்க. ஜாமீன்ல வந்தும் மூணு வருஷமா ஒருத்தரும் என்னை நம்பி வண்டியைக் கொடுக்கலை" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. நம்புவதா வேண்டாமா என்று பஞ்சநதத்துக்குத் தெரியவில்லை. கைகூப்பினார்.

தீர்ப்பு கேட்டுத் திரும்பும் பஸ்ஸில் எழில்மொழி மெதுவாகக் கேட்டாள். "அப்ப அம்மா உங்களைத் திரும்பிப் பார்த்தது?"

"முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்னு நானேதானம்மா எழுதியிருக்கேன்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்போது யாராவது அந்த மத்தியானத்தைப் பற்றிக் கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க" என்கிறார். ஆனால் கண்ணை மூடினால் மங்களாம்பிகை இன்னும் திரும்பித்தான் பார்க்கிறாள். அதை அவர் மகளிடம் சொல்வதில்லை.