போகிற சட்டத்துக்குக் கேள்வி இல்லை

சட்டமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், மரபுக் கட்சி உறுப்பினர்களுக்காக மசோதாக்களைப் படித்து மதிப்பெண் போடுவது அவள் வேலை. பதினாறு வருடமாக ஒரே தாள், ஒரே ஐந்து கேள்வி. இப்போது இருப்பது ஏன் இருக்கிறது? குடும்பமும் அக்கம்பக்கமும் செய்துகொள்ள முடியாததா? ஒருவர் உழைத்துச் சேர்த்ததில் கைவைக்கிறதா? நாளை வருகிறவர்கள் தலையில் சுமை ஏறுமா? படித்தால் புரிகிறதா? மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "அஞ்சு கேள்வி வருது, ஒதுங்குங்கப்பா" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். முன்பின் தெரியாத ஆளை வாசலில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்காமல் உள்ளே விடுவோமா என்பாள்.

அன்று காலை வந்தது வேறு ரகம். வழக்கொழிந்த நாற்பத்து மூன்று பிரிவுகளை ஒரேயடியாக நீக்கும் மசோதா. சட்டம் குறைந்தால் நல்லதுதானே? தேநீர் ஆறுவதற்குள் முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டாள். மூன்று மணிக்கு வாக்கெடுப்பு.

மதியம் தங்கை போனில் கூப்பிட்டாள். சலவைக்கூடத்தில் வேலை. வழக்கம்போல் வெக்கையைத் திட்டிவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்: "இருந்த ஒரு பின்கதவையும் முதலாளி போன வாரம் வெளியில பூட்டிட்டாருக்கா. துணி காணாமப் போகுதாம். கேட்டா, அந்தச் சட்டத்தையே எடுக்கப் போறாங்க, போய் வேலையைப் பாருங்கன்றாரு."

அவள் போனை வைத்துவிட்டு, காலையில் வந்த மசோதாவைத் தேடி எடுத்தாள். பட்டியலை இழுத்துப் பார்த்தாள். இருபத்தொன்பதாவது: ஆட்கள் வேலை செய்யும்போது சலவைக்கூடப் பின்கதவை வெளியே பூட்டலாகாது. காலையில் கண் அதன்மேல் ஓடியிருந்தது, நிற்கவில்லை. ஐந்து கேள்வியும் வருகிற சட்டத்துக்குத்தான். போகிற சட்டத்திடம் ஒன்றைக்கூடக் கேட்க வேண்டுமென்று பதினாறு வருடத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆவண அறைக்கு ஓடினாள். பழைய விவாதத் தொகுதியில் ஒரே வரி இருந்தது. கொதிகலன் தீ, பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒன்பது பேர்.

கட்சியின் மூத்த உறுப்பினர் அவைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நீதானேம்மா முழு மார்க் போட்டே?"

"நான்தாங்க ஐயா. தப்பாப் போட்டுட்டேன். பழசைக் காப்பாத்தணும்னு ஊரெல்லாம் பேசுறோம். இதுவும் பழசு. எதுக்கு இருக்குன்னு பார்க்காமலே தூக்கிப் போடச் சொல்லிட்டேன்."

அவள் நீட்டிய தொகுதியில் அந்த வரியை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு தொகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு அவைக்கு நடந்தார்.

அவையில் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்: இந்தப் பிரிவு எதற்காக வந்தது? மசோதாவைக் கொண்டுவந்தவர் பின்னால் இருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தாளைப் பார்த்தார். பார்வையாளர் மாடத்திலிருந்து அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் ஒருத்திதான் படிக்கவில்லை என்று நினைத்திருந்தாள். நீக்கும் பட்டியலிலிருந்து இருபத்தொன்பதை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை ஒரே குரலில் நிறைவேற்றினார்கள்.

சட்டத்தின் நகலோடு நேரே சலவைக்கூடத்துக்குப் போனாள். தங்கை போய்ச் சொன்னால் வேலை போய்விடும்.

"ஒரு வாரம் பூட்டி வெச்சதுல என்னம்மா ஆயிடுச்சு?" என்று முனகிக்கொண்டே முதலாளி பூட்டைத் திறந்தார். முதலில் ஆவி வந்தது, பிறகு கழுத்தைத் துடைத்தபடி தங்கை.

"ஏன்க்கா இப்படி வெளிறிப் போயிருக்கே? அதான் திறந்தாச்சே."

"மீதி நாப்பத்திரண்டும் போயிடுச்சுடி," என்றாள் அக்கா. "அதுல ஒண்ணைக்கூட நான் ஏன்னு கேக்கல."