இருபத்தேழு தரம் தட்டியவர்

யாழ்ப்பாண நகரத்து நூலகமொன்றின் கணினி அறையில், ஒரு மதியம், அவரைச் சந்தித்தேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பார்வையில்லை. திரையில் இருப்பதைக் கணினி அவர் காதுக்குள் வாசித்தது. வலக்கையால் ஒரே விசையைத் தட்டத் தட்ட, இடக்கைப் பெருவிரல் விரல் கணுக்களை எண்ணியது, செபம் செய்பவரைப் போல.

"தம்பி, முந்தி இருபத்தேழு தரம் தட்டினால் 'பிளே' வாறது. இண்டைக்கு எல்லாத்துக்கும் 'பட்டன், பட்டன்' எண்டுதான் சொல்லுது. ஒருக்கா அமத்தி விடுவியளே?"

அவரை ஆசிரியர் வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி, அவரில்லாமல் நடந்த இணையக் கூட்டத்தின் பதிவு அது. நாலு மணிக்குள் விளக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

"என்ன கதைச்சவை எண்டு தெரியாமல் நான் என்னத்தை எழுத?"

மவுஸால் ஒரு சொடுக்குத்தான். பதிவு ஓடத் தொடங்கியது. பெரிய உபகாரி என்ற நினைப்பில் சாப்பிடப் போய், ஆறுதலாக வந்தேன்.

மணி மூன்றே முக்கால். அறையில் வேறு எவரும் இல்லை. அவர் இன்னும் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பத்தாவது நிமிடத்தில் பதிவு நின்றுபோயிருந்தது. கணினி வாசித்துச் சொல்லாத ஒரு பெட்டி திரையில் கேட்டது: "இன்னும் இருக்கிறீர்களா?"

'ஆம்' என்பதைச் சொடுக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிப் போகாதேங்கோ, தம்பி."

பதிவில் இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவருடைய பெருவிரல் என் விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கியது. எதை எண்ணினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.