மீரா நானாவின் வயிறும் முட்டை வெள்ளையும்

பிறர் வயிற்றில் இருப்பதைக் குழாய் விட்டு எடுத்துப் பார்ப்பதும் ஓர் உத்தியோகம்தான். அதற்கும் வெள்ளைக்கார அரசாங்கம் மாதச் சம்பளம் தந்தது. மன்னாரில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்த வேலையை நான் பார்த்தேன். எப்போதாவது ரப்பர் குழாய் விழுங்கிய வாசகர்களே, உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறேன். விழுங்காதவர்கள் சிரிக்கலாம், உங்கள் முறையும் வரும்.

மூச்சை விடாத மனிதர்

வெறும் வயிற்றோடு வரும் நோயாளிக்குச் சுட்ட பாண் ரொட்டியும் பால் சீனி இல்லாத தேநீரும் கொடுப்போம். ஒரு மணித்தியாலம் கழித்துக் குழாயை விழுங்க வைத்து வயிற்றுநீரை இழுத்தெடுப்போம். சொல்ல இலகு.

தலைமன்னாரிலிருந்து சங்கு குளிக்கிற ஒருவர் வந்தார். குழாய் உதட்டில் பட்டதுமே மூச்சைப் பிடித்துக்கொண்டார். தொழில் பழக்கம். மூச்சை விட்டால்தான் குழாய் இறங்கும். அவரோ விடுவதாக இல்லை. "மூச்சை விடுங்கோ அண்ணை" என்று கெஞ்சிக் கெஞ்சிக் கடைசியில் மூச்சு வாங்கியது எனக்குத்தான். எல்லாம் முடிந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "கடலுக்கை எவ்வளவு ஆழமெண்டாலும் இறங்குவன் தம்பி, இந்தக் குழாய்தான் என்ரை வயித்துக்கை இறங்கக் கூடாது."

மஞ்சள் எங்கே?

எடுத்த நீரில் முதலில் கொங்கோச் சாயம் தோய்த்த ஒரு சிவப்புக் கடதாசியை நனைப்போம். அமிலம் இருந்தால், பள்ளிக்கூடத்து லிட்மஸுக்கு நேர்மாறாக, அது நீலமாகும். பிறகு அவித்த முட்டையின் வெள்ளையில் ஒரு சிறு துண்டை அந்த நீரில் போட்டு இளஞ்சூட்டில் வைப்போம். இறைச்சி, மீனையெல்லாம் கரைக்கிற பெப்சின் என்ற சரக்கு வயிற்றில் ஊறினால், பின்னேரத்துக்குள் துண்டின் மூலைகள் கரைந்துவிடும். ஆனால் அமிலம் துணைக்கு இல்லாமல் பெப்சின் வேலை செய்யாது. இரண்டும் வற்றிப்போன வயிற்றைக் கண்டால் எங்கள் டொக்டரின் முகம் கறுக்கும். புற்றுநோய் அப்படியான வயிற்றில்தான் அதிகம் குடியேறுகிறது என்பார். வற்றியதால் புற்று வந்ததா, புற்று வந்ததால் வற்றியதா என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

முட்டைக்கு நான் ஆஸ்பத்திரிக் குசினிக்குத்தான் போகவேண்டும். சமையல்காரர் பேதுரு ஒவ்வொரு முட்டையையும் தானே இட்டவர்போலத் தருவார். ஒருநாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்: "வெள்ளை வயித்துத் தண்ணிக்குப் போகுது, சரி, மஞ்சள் எங்கை போகுதெண்டு சொல்லும் பாப்பம்!"

நீலமாகாத கடதாசி

மீரா நானா (முஸ்லிம்களுக்கு அண்ணன்தான் நானா) எருக்கலம்பிட்டியில் பாய் வியாபாரம் செய்தவர். நான் படுக்கிற பாயே அவர் தந்ததுதான். மாதக் கணக்காக வயிற்றுவலி, ஆள் பாதியாகிவிட்டார். விடிய வண்டி கட்டிக்கொண்டு வந்தவரிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சோறு, பாண், தேத்தண்ணி, வெற்றிலை ஒன்றும் தொடவில்லை என்றார்.

கடதாசி சிவப்பாகவே கிடந்தது. முட்டைத் துண்டு மத்தியானம் கழிந்தும் மூலை மழுங்காமல் இருந்தது. மறுநாள் ரயிலில் கொழும்புக்கு அனுப்பி வயிற்றை வெட்டத்தான் வேண்டும் என்றார் டொக்டர். நானாவின் மகளுக்கு அடுத்த கிழமை நிக்காஹ். அவர் அழவில்லை, வாதாடவில்லை. "மகள்ட நிக்காஹ் வரைக்கும் இருப்பன் எண்டு மட்டும் சொல்லுங்க ஐயா, பிறகு எங்க வேணுமெண்டாலும் வெட்டுங்க" என்றார்.

ஒரு துளி

மிச்ச நீரைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை. ஆற்றாமையில் அதில் ஒரு துளி அமிலம் விட்டுப் புதிதாக ஒரு முட்டைத் துண்டைப் போட்டு வைத்தேன். பின்னேரம் பார்த்தால் துண்டு உருகி அரைவாசியாகக் கிடந்தது. பெப்சின் உயிரோடு இருக்கிறது! அப்படியானால் அமிலம் மட்டும் எங்கே போனது? வார்டுக்கு ஓடினேன்.

"நானா, விடிய வாய்க்குள்ளை வேறை என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடல்ல தம்பி. வாற வழியில தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பனையால இறங்கினார். கருப்பநீர் ரெண்டு பிளா குடிச்சன். கள்ளெண்டாத்தானே ஹராம்? இது ஹலால்தானே!"

ஹலால்தான். ஆனால் கருப்பநீர் என்கிற பனஞ்சாறு புளித்துக் கள்ளாகாமல் இருக்கப் பனையில் கட்டுகிற முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவார்கள். இரண்டு ஓலைப் பிளா நிறையச் சுண்ணாம்புச் சாறு போன வயிற்றில் அமிலம் எப்படி மிஞ்சும்? பனைக்குள் பிறந்து வளர்ந்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. டொக்டர் என்னைத் திட்டிவிட்டு, கொழும்புப் பயணத்தை நிறுத்தினார். மறுநாள் நானாவை மறுபடி குழாய் விழுங்க வைத்தோம். கடதாசி நல்ல நீலமானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தது வெறும் புண். பாலும் மருந்துத் தூளுமாக ஆறியது.

நிக்காஹ் வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி ஆட்கள் உட்காரும்போது, நானா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சபைக்குச் சொன்னார்: "இவருக்கு முதல்ல வைங்க, என்ட வயித்துக்குள்ள கிடந்த கருப்பநீரக் கண்டுபிடிச்ச மனிசன்!"

அன்றிலிருந்து, குழாயைக் கையில் எடுக்குமுன் "கருப்பநீர் குடிச்சனீங்களோ?" என்று எல்லாரிடமும் தவறாமல் கேட்டுவந்தேன், வேலையை விடும்வரை ஓம் என்று தலையாட்டியவர் ஒருவர்கூட இல்லை.