கொடுக்கனின் படை

அறுபதுகளின் தொடக்கத்தில், அந்தமானில் எங்கள் ஊரான ரங்கத்தில் ஒரு போர் நடந்தது. அதில் வென்றவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் அப்பா தச்சு வேலைக்கு வைத்திருந்த அகலமான படாக் மரப் பலகைதான் போர்க்களம். அண்ணனும் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய பக்கத்து வீட்டு வங்காளிப் பையனும் அதன் நடுவே சுண்ணக்கட்டியால் ஓர் உப்பங்கழி வரைவார்கள். களிமண்ணில் குச்சிகளை நட்டுக் காடாக்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் சண்டை தொடங்கிவிடும். ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட்டு, எத்தனை மல்லாந்து விழுகிறதோ அத்தனை விரற்கடை வீரன் நகர்வான். இரண்டு வீரர்கள் முட்டிக்கொண்டால் ஆளுக்கொரு தடவை சோழி. குறைவாக விழுந்தவனின் வீரன் செத்து, பால்மாவு டப்பாவுக்குள் போவான். அண்ணனின் வீரர்கள் சோடா மூடிகள். வங்காளிப் பையனுடையவர்கள் கொட்டைப் பாக்குகள்.

நானும் வருகிறேன் என்றேன்.

"ஒனக்குப் படை எங்கட்டி இருக்கு?" என்றான் அண்ணன்.

படை கப்பலில் வந்தது. எங்கள் மாதா கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்காக மெயின்லேண்டிலிருந்து வந்த சுரூபப் பெட்டி, இறக்கும்போது கப்பல்துறையில் கைதவறி விழுந்துவிட்டது. சூசையப்பரும் மாதாவும் பிழைத்துக்கொண்டார்கள், ஆடுகள் பிழைக்கவில்லை. ஒட்டித் தரச் சொல்லி சாமியார் அப்பாவிடம் கொடுத்தார். காலும் தலையும் போன அந்த பிளாஸ்டர் ஆடுகளை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனி ஆகாது என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு, அவற்றை என்னிடமே தந்துவிட்டார்.

ஏழு உடல்கள். அவற்றை மறுபடியும் ஆடாக்க எனக்கு மனமில்லை. ஆடு எங்கே சண்டை போடும்? காய்ந்த நண்டின் கால்களையும் கொடுக்குகளையும் பொருத்தி, படகு ஓட்டைக்குப் பூசும் குங்கிலியத்தை உருக்கி ஒட்டினேன். விரல் நுனி இரண்டு தடவை வெந்தது. தலை போனவற்றுக்குப் பல்லோடு மீன் தாடை. முதுகில் வரிசையாக மீன்முள். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலமும் சிவப்பும் அப்பாவின் டப்பாக்களின் அடியில் கிடந்தன. அவருடைய பிரஷ் இந்த வேலைக்குப் பெரிது. என் சடை நுனியை நறுக்கி மூங்கில் குச்சியில் கட்டிக்கொண்டேன். அதற்கு அம்மாவிடம் வாங்கியது தனிக் கதை.

முதல் மிருகம் முழுக்க நீலமாகி, சாயத்தில் விழுந்து எழுந்ததுபோல் அசிங்கமாக இருந்தது. ஆத்திரத்தில் துணியால் துடைத்தேன். மேடுகளில் இருந்த நீலம் போய், கம்பளிச் சுருள்களின் பள்ளத்தில் மட்டும் தங்கியது. சுருளெல்லாம் செதிலாகிவிட்டது! யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தது என்று என் வாழ்நாளில் இருப்பது அது ஒன்றுதான். கண்களை எலுமிச்சை முள்ளின் நுனியால் வைத்தேன். ஏழிலும் பெரியது தன் இரண்டு கொடுக்குகளையும் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கொடுக்கன் என்று பெயரிட்டேன்.

ஒருநாள் பலகையில் அவை அணிவகுத்தன. வங்காளிப் பையன், "பாப் ரே!" என்று குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். அண்ணன் சட்டென்று ஒரு விதி செய்தான்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம். நீ தோத்தா இதெல்லாம் எங்களுக்கு."

இரண்டு மாத வேலை. இருந்தாலும் சரி என்றேன்.

எதிரிகள் கும்பலாக வந்தார்கள். பாக்குகள் எல்லாம் விழுந்து முடிவதற்குள் என் பக்கத்திலும் ஆறு போயின. ஒவ்வொன்றையும் உடையாமல் டப்பாவுக்குள் இறக்கும்போது கண் கரித்தது. கடைசியில் கொடுக்கனும் அண்ணனின் கடைசி மூடியும் உப்பங்கழிக் கரையில் முட்டிக்கொண்டார்கள். அண்ணனுக்கு நான்கு. நான் குலுக்கிப் போட்டேன். ஐந்து. அண்ணன் குனிந்து மறுபடி எண்ணினான். ஐந்துதான்.

கொடுக்கனைக் கையில் எடுத்துப் பார்த்து, "அந்தச் செதில எப்படிட்டி போட்ட?" என்றான். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

அப்போதுதான் வங்காளிப் பையன் டப்பாவுக்குள் கைவிட்டான். தன் பாக்குகளை மட்டும் பொறுக்கியெடுத்து, உப்பங்கழிக்கு அக்கரையில் காலியாகக் கிடந்த மூலையில் நான்கு நான்காக வைத்தான். ஒவ்வொரு கூட்டத்தைச் சுற்றியும் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் போட்டான்.

"செத்தவன எல்லாம் எதுக்குல வெளிய எடுக்க?" என்றான் அண்ணன்.

"மரா நஹி. பாக் கே ஆயா," என்றான் அவன். சாகவில்லையாம், தப்பி ஓடி வந்திருக்கிறார்களாம். இங்கே இவர்களுக்கு நிலம் கிடைக்குமாம்.

தோற்றவன் செய்யும் பித்தலாட்டம் என்று அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி, கொடுக்கனை அந்தக் கட்டங்களுக்குப் பக்கத்தில் வைப்பாயா என்று கேட்டான். இது நின்றால் யாரும் வந்து அவர்களைத் துரத்த மாட்டார்கள் என்றான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொடுக்கனைத் தூக்கி, கொடுக்குகள் வெளிப்பக்கம் பார்க்க நிறுத்திவைத்தேன். எதிரியே என் கைவேலையில் மயங்கிக் கேட்டு வாங்கினான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். யார் வந்து துரத்துவார்கள் என்று மட்டும் அவனிடம் நான் கேட்கவே இல்லை.