இடது பக்கம் அவர் ஒட்டியது

என் வீட்டுக்காரர் திருப்பதியிலிருந்து திருமலைக்குப் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மாடல் கார் செய்வது அவருக்குப் பெரிய வேடிக்கை. "நெஜ வண்டி ஓட்றவன் ஊட்ல பொம்ம வண்டி செஞ்சிக்கினுகீறா பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "உங்க வண்டில எத்தினி கீறல் கீதுன்னு எண்ணிப் பாருங்க. என் வண்டில ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்" என்பேன்.

நான் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறேன். எலும்பில் மயிரிழை விரிசலைத் தேடிப் பழகிய கண் வீட்டுக்கு வந்த பிறகும் அடங்காது. கார் செய்கிற வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபாயில் ஒட்டுவதுதான். அந்தக் காலத்துப் பெரிய கார்களில் கண்ணாடியைச் சுற்றி, கதவின் குறுக்கே, சக்கரத்துக்கு மேலே எல்லாம் வெள்ளிப் பட்டை ஓடும் இல்லையா? கிட்டில், அதாவது கார் பாகங்கள் வருகிற பெட்டியில், அந்த இடம் வெறும் மேடாகத்தான் இருக்கும். அதன்மேல் ஒட்டவென்றே பின்பக்கம் பசையுள்ள ஓர் உலோகத் தாள் கிடைக்கிறது. பக்கத்தில் மூச்சு விட்டால் சுருண்டுகொள்ளும், அவ்வளவு மெல்லிசு. துண்டு வெட்டிப் போட்டு, விரலால் நீவி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் அழுத்தி, புது பிளேடால் ஓரத்தை அறுத்து, மிச்சத்தை உரித்தெடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பூச்சு, அடிப்போம். அதற்கு முன்னால் ஃபாயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம். பூச்சு விழுந்துவிட்டால் முடிந்தது. சுருக்கமோ கோணலோ, உள்ளே இருப்பது இருந்தபடியே நின்றுவிடும்.

மாடல் செய்கிறவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். நான் படம் மட்டும் போடுவேன், பேச மாட்டேன். பெயருக்குப் பதில் ஓர் எழுத்துதான் வைத்திருந்ததால் பாதிப் பேர் என்னை 'சார்' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் சித்தூரில் ஒரு சின்ன மண்டபம் பிடித்து எல்லாருடைய கார்களையும் வைப்பது என்று முடிவானது. நானும் வருகிறேன் என்று எழுதிவிட்டேன். போவது என்றால் ஒரு குறை சொல்ல முடியாத காரோடுதான் போக வேண்டும் என்று மனதில் ஒரு வீம்பு. நீலத்தில் நீளமான ஒரு காரை எடுத்து, பெயிண்ட் முடித்து, வலது பக்கம் முழுக்க ஃபாயிலும் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் கிளினிக் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு போயிற்று. தினமும் மற்றவர்கள் கையை வைக்கிற அதே மேசையில் என் கையை வைத்துப் படம் எடுத்தார்கள். வீட்டுக்காரர் புத்தூர்க்காரர், எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டுப் போடுவதில் பேர்போன ஊர் அது. அவரிடம் வேறு பேச்சே எடுபடவில்லை. எக்ஸ்ரேயை உறையோடு கக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தூருக்குக் கூட்டிப்போனார். மூங்கில் பத்தையும் பச்சிலை வாசனையுமாக ஒரு கட்டோடு திரும்பினேன்.

சித்தூர் கூட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பாதிக் காரைப் பார்த்துப் பார்த்து அழுதேன். கை வலிக்கிறது என்று நினைத்து மாத்திரை கொண்டுவந்தவரிடம், "கை இல்லிங்க, காரு" என்றேன்.

மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டுக் காரைக் கையில் எடுத்தார். "நீ சொல்லு, நான் ஒட்றேன்" என்றார்.

அந்த விரல்களைப் பார்த்தேன். பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். ஆனால் வேறு வழி இல்லை. முதலில் டிபன் பாக்ஸ் மூடிமேல் ஒட்டிப் பழகச் சொன்னேன். நான்கு நாள் அந்த மூடி எங்கள் வாக்குவாதத்தையெல்லாம் கேட்டது. "அழுத்தாதிங்க", "பிளேட சாய்க்காதிங்க" என்று நான் கத்த, "பர்லேதுமே, கத்தாத, பஸ்ல அறுவது பேரு கத்துனாலே நான் திரும்ப மாட்டேன்" என்றார். 'பரவாயில்லை' என்பது அவர் வாயில் எப்போதும் தெலுங்கில் 'பர்லேது'தான்.

கார்மேல் கை வைத்ததும் ஓர் அதிசயம் நடந்தது. நேரான பட்டையில் தடுமாறினார். கதவின் குறுக்கே ஓடுகிற பட்டையில் மூன்று சுருக்கம் விழுந்தது, நான் சண்டையே போட்டேன். ஆனால் சக்கரத்துக்கு மேல் வருகிற வளைவு இருக்கிறதே, அதை நான் எப்போதும் இரண்டு துண்டாக ஒட்டி நடுவில் இணைப்பேன், ஒரே துண்டாகப் போட்டால் கிழிந்துவிடும். அவர் ஒரே துண்டைப் போட்டு, ஒரே இழுப்பில் அறுத்து எடுத்துவிட்டார். ஓட்டுகிற வாழ்க்கையெல்லாம் கொண்டை ஊசி வளைவிலேயே போன மனிதர். நேர் ரோடு அவருக்குப் பழக்கமில்லை போல.

"சுருக்கம் நல்லால்லன்னா பிச்சி எடுத்துரு, பர்லேது" என்றார். பிய்த்தால் வேறு யார் ஒட்டுவது? காலையில் மொட்டைமாடியில் கிளியர் கோட்டும் அவரே அடித்தார். ஸ்ப்ரே அடிக்கும்போது காரின் மேல் கையை நிறுத்தினால் பூச்சு வழிந்துவிடும் என்று சொன்னேன். "ஏற்றத்துல வண்டிய நிறுத்தாத போய்க்கினே இருக்கணும், அவ்ளோதான?" என்றார். ஒரு சொட்டு வழியவில்லை. மூன்று சுருக்கமும் உள்ளே பத்திரமாகிவிட்டன.

சித்தூருக்கு நான் தனியாகத்தான் போனேன். அவருக்குக் காலை டியூட்டி, முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்குக் கொடுத்த மேசை சுவரோரம் இருந்தது. பெட்டியிலிருந்து காரை இடது கையால் எடுத்து, என் பக்கம் ஜனங்களுக்கும் அவர் பக்கம் சுவருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். யோசித்துத்தான் வைத்தேன். அதை மறைப்பதற்கில்லை.

வந்தவர்கள் அசந்துபோனார்கள். "சாருன்னு நெனச்சிக்கினு இருந்தோம்மா" என்று சிரித்தார்கள். வேலூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மூக்கு உரசுகிற அளவு குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் நீங்களே செஞ்சதா?" என்று கேட்டார். கையில் அவ்வளவு பெரிய கட்டோடு நின்றுகொண்டு, "ஆமா சார்" என்றேன்.

மத்தியானம் காக்கிச் சட்டையோடு வீட்டுக்காரர் வந்தார். சாப்பிடக்கூட இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. காரைப் பார்த்தார். அப்புறம் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் வயிற்றை எக்கி நுழைந்து, முட்டி போட்டு, செல்போன் டார்ச்சை அடித்துத் தன் பக்கத்தைப் பார்த்தார். பள்ளிக்கூட விழாவில் கடைசி வரிசையில் நிற்கிற தன் பிள்ளையை எட்டிப் பார்க்கிற தகப்பன் மாதிரி இருந்தது.

"கீதுமே, அப்டியே கீது" என்றார். தன் பக்கம் ஏன் சுவரைப் பார்த்து இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். எனக்கு அவமானம் தாங்கவில்லை.

இடது கையாலேயே காரைத் திருப்பி வைத்தேன். மூன்று சுருக்கமும் வெளிச்சத்துக்கு வந்தன. வேலூர்ப் பெரியவரை நானே கூப்பிட்டேன். அவர் சுருக்கத்தைப் பார்த்தார், தாண்டிப் போய் சக்கர வளைவில் நின்றுவிட்டார். "இது ஒரே துண்டா? எப்படிம்மா?"

"நான் காலைல பொய் சொல்லிட்டேன் சார். இந்தப் பக்கம் பூரா எங்க வீட்டுக்காரரு ஒட்டுனது. அவரையே கேளுங்க."

வீட்டுக்காரர் வெட்கத்தில் நெளிந்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கி, காற்றில் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்து, "வளைவு வர்றதுக்கு மின்னாடியே கொஞ்சம் வெளிய போயி, அப்பால உள்ள ஒடிக்கணும் சார்" என்று காட்டினார். சுற்றி நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். பின்னால் நின்ற ஒருவருக்குக் கார் தெரியவில்லை, "யார் வண்டி அது?" என்று கேட்டார்.

வழக்கம்போல 'பொம்ம வண்டி' என்று சொல்வார் என்றுதான் காத்திருந்தேன்.

"எங்க வண்டி சார்" என்றார்.