பூட்டாத வீடு

எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் மூன்று காரியத்துக்குத்தான் வருவார்கள். காலையில் சதுப்பு நிலத்தில் பறவை பார்ப்பது, மத்தியானம் அருங்காட்சியகத்தில் கொட்டாவி விடுவது, சாயங்காலம் எங்கள் வணிக வளாகத்தில் பர்ஸைக் காலி செய்வது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஷூவெல்லாம் யானை விலை, குதிரை விலை. திரும்பும்போது பெட்டியில் புதுசு இருந்தால் சுங்கத்தில் வரி போடுவார்கள். காலில் இருந்தால் கேள்வியே கிடையாது. அதனால் புதுசை மாட்டிக்கொண்டு, சதுப்பு நிலத்துச் சேறு அப்பிய பழசைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஷூ விற்கிறவள். அந்த நாற்றத்தைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.

அதையெல்லாம் அள்ளுவது துப்புரவு வேலை பார்த்த ஜோடியக்கா. ஒற்றை ஷூ கிடைத்தால் அதன் ஜோடியைத் தளம் தளமாகத் தேடுவார், அதனால் அந்தப் பெயர். பின்பக்கக் குழாயடியில் கழுவிக் காயவைத்துப் பழைய சாமான்காரரிடம் போடுவார்.

"ஷூவுக்கு ஜோடி தேடுற நேரத்துல உங்களுக்கு ஒண்ணு தேடியிருக்கலாம்" என்று கிண்டல் செய்வேன்.

"இருந்த ஒண்ணே போதும்டி. என் உயிரை வாங்கிட்டுத்தான் செத்தாரு."

அந்த மனுஷனோடு சண்டை போட்டுக்கொண்டுதான் ஒரே மகன் எல்லை தாண்டிப் போனான். போனவன் போனவன்தான். ஒரு தகவலும் இல்லை. வளாகத்துக்குப் பின்சந்தில் அக்கா குடியிருந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று மற்ற குடித்தனங்களெல்லாம் கிளம்பிவிட்டன. தண்ணீர் இணைப்பைக்கூட வெட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வந்துவிடுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தேன்.

"அவனுக்கு இந்த வீடு மட்டும்தான்டி தெரியும். வந்து நின்னா யாரு இருப்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டு அப்படி என்ன பிடிவாதம்!

பறவைக் காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை நான் குழாயடிக்குப் போனபோது, தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் ஆண்பிள்ளையின் ஷூ. கையில் அதற்குள்ளிருந்து எடுத்த ரப்பர் துண்டு. நீலச் செருப்பைக் குதிகால் அளவுக்கு வெட்டி, மூன்றாக அடுக்கி, ஓரம் முழுக்கச் சிவப்பு நூலால் தைத்திருந்தது.

"அவனுக்கு இடது கால் கொஞ்சம் கட்டை. என் செருப்பை வெட்டி நான்தான் தைச்சுக் குடுத்தேன். எந்த ஷூ வாங்கினாலும் இதை மாத்திப் போட்டுக்குவான்."

அது கிடந்த பையைக் கொட்டிப் பார்த்தேன். கடையில் விற்கிற ஜெல் குதிகால் பட்டையின் காலி அட்டை ஒன்று. கசங்கிய அருங்காட்சியகச் சீட்டு. அடியில், அதே சேறு அப்பிய, என் உள்ளங்கை அளவே இருந்த ஒரு ஜோடி மஞ்சள் ஷூ.

பறவை பார்த்திருக்கிறான். அருங்காட்சியகம் போயிருக்கிறான். பிள்ளைக்கு ஷூ வாங்கியிருக்கிறான். இங்கிருந்து அந்தச் சந்து கூப்பிடு தூரம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "நீங்க வேலைக்கு வந்திருப்பீங்க, பூட்டைப் பாத்துட்டுப் போயிருப்பான்கா" என்றேன்.

"நான் பூட்டுறதே இல்லடி. இங்கதான் வேலை செய்யறேன்னு கதவுல சாக்பீஸ்ல எழுதியும் வெச்சிருக்கேன்."

அவன் மட்டும் எதிரே இருந்திருந்தால் அந்த ஷூவாலேயே அடித்திருப்பேன். அக்கா திட்டக்கூட இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மஞ்சள் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரனா பேத்தியான்னுகூடத் தெரியலையேடி" என்று சொல்லிவிட்டு அழுதார்.

சாயங்காலம் பெரிய ஷூவை மற்றவற்றோடு கழுவிக் காயவைத்தார். மஞ்சளை மட்டும் சேறோடு தன் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது என் கவுண்டரில் நின்றார்.

"உங்க மாடி ரூம் இன்னும் சும்மாத்தான் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"அப்ப அவன் வந்தா?"

"வந்துட்டுப் போயிட்டான்டி" என்றார்.